யாரு புதுப்பிக்கல?

‘படவில்லை’ என்கிற சொல் அந்த அக்காவுக்கு ஆகாது. மனு அடித்துக் கொடுத்தால் மற்றவர்கள் பேரும் ஊரும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அக்கா வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு, அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடுவார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மெதுவாகத்தான் படிப்பார். ஆனால் ஓர் எழுத்தையும் தாண்டிப் போக மாட்டார்.

திண்டுக்கல்லில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற சாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் ஒன்று, ஜெராக்ஸ் மெஷின் ஒன்று, வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. திங்கட்கிழமை மனு வாங்குகிற நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் காலை ஏழரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். பட்டா, பாதைத் தகராறு, முதியோர் பென்ஷன், தெருக்குழாய் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் அச்சு தயாராக இருந்தது. ‘தாங்கள் கருணை கூர்ந்து’ என்று தொடங்கும், ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று முடியும். நடுவில் பேரையும் விஷயத்தையும் மாற்றினால் போதும். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அந்த அக்கா முதல் தடவை வந்தபோது மேலெல்லாம் சம்பங்கி வாசம் அடித்தது. சாணார்பட்டிப் பக்கத்தில் அரை ஏக்கர் சம்பங்கி போட்டிருந்தார். விடியுமுன் பூப் பறித்து, பூ மார்க்கெட்டில் மூட்டையை இறக்கிவிட்டு, அப்படியே நடந்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. அதிலிருந்து செல்போனையும் சில தாள்களையும் எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுல சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்காரு தங்கச்சி. சாரம் சரிஞ்சு மாடியில இருந்து விழுந்து இருபது நாளாச்சு. முழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போச்சு. ஆபரேஷன் பண்ணாம ரூமுல கொண்டாந்து போட்டுட்டாய்ங்க. மனு எழுதணும்.”

அழவில்லை. கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னார். கணவர் வளைகுடா நாடு ஒன்றுக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவர். அங்கே ஒருவர் வேலை செய்ய வேண்டுமானால், கூப்பிட்ட கம்பெனிதான் அவருக்குப் பொறுப்பு. அங்கே தங்குவதற்கான அட்டையைக் கம்பெனிதான் எடுத்துத் தர வேண்டும், கெடு முடிவதற்குள் புதுப்பிக்கவும் வேண்டும். போய்வந்தவர்கள் அதை ‘இக்காமா’ என்பார்கள். அந்த அட்டை செல்லுபடியானால்தான் மருத்துவக் காப்பீடு, ஆஸ்பத்திரி எல்லாம். இவர் கணவருடைய அட்டை முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். காப்பீட்டைப் பார்த்தால் அது செத்துக் கிடந்தது. மாவுக்கட்டுப் போட்டு மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பேர் படுக்கிற அறையில், இரும்புக் கட்டிலின் கீழ்த் தட்டில், காலைத் தூக்கி ஒரு சிமெண்டு மூட்டைமேல் வைத்துப் படுத்திருந்தார். அந்தப் படம் செல்போனில் இருந்தது.

நான் அடித்தேன். ‘எனது கணவரின் விசா புதுப்பிக்கப்படவில்லை. மருத்துவக் காப்பீடு செய்யப்படவில்லை. உரிய சிகிச்சை அளிக்கப்படவில்லை.’

அக்கா விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“தங்கச்சி, இதுல யாரு புதுப்பிக்கல?”

“கம்பெனிதான்க்கா.”

“அது இதுல இல்லையே.”

“படிக்கிறவங்களுக்குப் புரியும்க்கா.”

“எப்பிடிப் புரியும்? மழை பெய்யலைங்கிற மாதிரில்ல எழுதியிருக்க. மழை பெய்யலைன்னா யாரைப் போய்ப் புடிக்கிறது? புதுப்பிக்க வேண்டிய ஆளு ஒருத்தன் இருக்கான். அவன் புதுப்பிக்கல. அப்பிடி எழுது.”

மாற்றி அடித்தேன். கம்பெனி புதுப்பிக்கவில்லை. கம்பெனி காப்பீடு செய்யவில்லை. கம்பெனி சிகிச்சை அளிக்கவில்லை. அடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே அந்தத் தாள் வேறு மாதிரி இருந்தது. ஆனால் அக்கா இன்னும் முடிக்கவில்லை. விரல் மேலே போய் முதல் வரியில் நின்றது.

“இது எதுக்கு? கருணை?”

“வழக்கமா அப்பிடித்தான்க்கா போடுவோம். ஆபீசருக்கு ஒரு மரியாதை.”

“மரியாதைக்குத்தான் வணக்கம் போட்டிருக்கேல்ல. அவரைக் கூப்பிட்டது அவன். பாஸ்போர்ட்ட வாங்கிப் பூட்டி வெச்சது அவன். அங்க இருக்கிறதுக்கு அட்டை எடுத்துக் குடுக்க வேண்டியதும் அவன்தான். இதுல கருணை எங்க வருது? எடுத்துரு.”

எடுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் கருணை இல்லாத மனு ஒன்று என் கடையிலிருந்து போனது அன்றைக்குத்தான். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

அவருடைய இந்தக் குணம் என் கடைக்கு மட்டும் ஆனதில்லை. கூட்டுறவுச் சங்கத்து வாசலில் ‘உரம் வழங்கப்பட மாட்டாது’ என்று சாக்பீஸில் எழுதிப் போட்டிருந்தால், உள்ளே போய், “வழங்க மாட்டேங்கிறது யாரு?” என்று கேட்பாராம். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள், “குடம் உடைஞ்சிருச்சும்மா” என்றதற்கு, “குடம் தானா உடையாது, நான் உடைச்சேன்னு சொல்லு, நான் அடிக்க மாட்டேன்” என்று அந்தப் பிள்ளை சொல்லும்வரை சோறு போடாமல் உட்கார்ந்திருந்தாராம். இதை அவரே சொல்லிச் சிரித்தார். தனக்கும் அதே கணக்குத்தான். மூன்றாவது வாரம் ஒப்பந்தத் தாளை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் நனைந்து மை பரவியிருந்தது. “நனைஞ்சிருச்சாக்கா?” என்றேன். “நான் நனைய விட்டுட்டேன். பூச்சாக்குப் பக்கத்துல வெச்சது நான்தான்” என்றார்.

அந்த ஒப்பந்தம் ஒரு பக்கம் அரபியிலும் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் இருந்தது. அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை வெளிநாடு போகிறவர்களுக்கு நான் எத்தனையோ தடவை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் படித்ததில்லை. போகிறவர்களும் படித்ததில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் ஏஜென்ட் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பார், அங்கே போடுவார்கள். அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். அட்டையை முதலாளி தன் செலவில் எடுத்துப் புதுப்பிக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் முதலாளி வைத்தியம் பார்க்க வேண்டும். இருக்க இடம் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும், உடம்பு முடியாமல் போனாலும் ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்வதையும் இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்னேன்.

அக்கா தன் மகளுடைய பழைய கணக்கு நோட்டில் ஒவ்வொன்றையும் தன் வார்த்தையில் எழுதிக்கொண்டார். எல்லா வரியும் ‘முதலாளி’ என்றே தொடங்கியது. எழுதி முடித்ததும் நோட்டை மூடி மேலே கையை வைத்துக்கொண்டார்.

“அம்புட்டும் இதுல இருக்கு தங்கச்சி. அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். நாம ஒண்ணும் புதுசாக் கேக்கல.”

எனக்கு அந்தக் கம்பெனிமேல் முதல் கோபம் வந்தது அப்போதுதான். அதுவரை நான் இதை ஒரு விபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கணவரை அனுப்பிவைத்த ஏஜென்ட்டின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. அக்கா துணைக்கு வரச் சொன்னார், போனேன். ஏஜென்ட் நல்ல மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. கம்பெனியில பேசிட்டுத்தான் இருக்கோம். விசா புதுப்பிக்கப்படலைங்கிறது கவனத்துக்கு வந்திருக்கு.”

“யாரு புதுப்பிக்கல?” என்றார் அக்கா.

அவர் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“இப்ப அதைவிடப் பெரிய சிக்கலாயிருச்சும்மா. உங்க வீட்டுக்காரரு வேலையை விட்டு ஓடிட்டாருன்னு கம்பெனி அங்க ரிப்போர்ட் குடுத்திருக்கு. அந்த ரிப்போர்ட் பதிவாயிட்டா கம்பெனிக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. போலீஸ் புடிச்சா உள்ள வெச்சிருவாக.”

காலில் மாவுக்கட்டோடு எங்கே ஓடுவார் என்று நான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “எந்தத் தேதியில ஓடுனாராம்? காட்டுங்க” என்றார். ஏஜென்ட் தயங்கித் தயங்கித் தன் போனில் அந்த ரிப்போர்ட்டின் படத்தைக் காட்டினார். எல்லாம் அரபி. தேதி மட்டும் நமக்குத் தெரிகிற எண்ணில் இருந்தது. அக்கா தன் போனை எடுத்துக் கணவர் அனுப்பியிருந்த இன்னொரு படத்தைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிடுகிற பிளாஸ்டிக் பட்டை. அதில் சேர்த்த தேதி இருந்தது. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“திங்கக்கெழமை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. செவ்வாக்கெழமை ஓடிப்போயிட்டாருன்னு எழுதியிருக்கு. புதன்கெழமைதான் ஆஸ்பத்திரியில இருந்து வெளிய விட்டாக. நம்பரு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான சார்.”

ஏஜென்ட் தன் போனைத் திரும்ப எடுப்பதற்குள் நான் அந்த ரிப்போர்ட்டை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒரு மனிதன் கட்டிலில் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது, ஏசி அறையில் உட்கார்ந்து, இவன் ஓடிப்போனான் என்று ஒருவன் தட்டெழுதுகிறான். அதை இன்னொருவன் வாங்கி வைத்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுக்கிறான்.

இரண்டு படங்களையும் ஒரே தாளில் ஒட்டி, கீழே மூன்று வரி எழுதி, அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு அனுப்பினோம். கலெக்டர் ஆபீஸ் மனுவோடும் அதை இணைத்தோம். பத்து நாளில் தூதரகத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி போன் செய்தார். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிப் பதிவேட்டின் நகல் வாங்கிவிட்டதாகவும், தொழிலாளர் நீதிமன்றத்தில் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். அக்கா அன்றைக்கு எனக்கு ஒரு முழம் சம்பங்கி கொண்டுவந்து கொடுத்தார். நான் அதைக் கம்ப்யூட்டர்மேல் போட்டு வைத்தேன்.

அடுத்த வாரம் ஏஜென்ட்டே என் கடைக்கு வந்தார். அக்காவும் இருந்தார். ஒரு தாளை நீட்டினார். நல்ல தமிழில், அழகாக அடித்திருந்தது. ‘என் கணவர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகினார். நான் கொடுத்த புகார் தவறான தகவலின் அடிப்படையில் அளிக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’

“இதுல கையெழுத்துப் போட்டீகன்னா இந்த வாரமே அவரு ஊருக்கு வந்துருவாரும்மா. கம்பெனி பெரிய மனசு பண்ணி டிக்கெட் எடுத்துத் தர்றேங்கிறாக. கேசுன்னு போனா எம்புட்டு நாளாகும்னு யாருக்குத் தெரியும்? அவருக்கும் சம்மதந்தான், நீங்களே கேட்டுக்கங்க.”

அங்கேயே போன் போட்டுக் கொடுத்தார். ஸ்பீக்கரில் கணவரின் குரல் கேட்டது. அதுவரை நான் அவர் குரலைக் கேட்டதில்லை. மெல்லிய குரல்.

“இந்தாரு. எழுதிக் குடுத்துரு. நான் வந்துர்றேன். என்னால முடியல. கக்கூசுக்குப் போக ரெண்டு பேரு தூக்க வேண்டியிருக்கு. எம்புட்டு நாளைக்கு அவிங்களும் தூக்குவாய்ங்க?”

அக்கா, “சாப்டீகளா?” என்று கேட்டார்.

“சாப்டது கெடக்கட்டும். கையெழுத்துப் போடு.”

அக்கா போனை என் கையில் கொடுத்தார். எழுந்து வெளியே போனார். சாலையோரத்தில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கணவர், “இருக்கியா? இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான், “வெளிய போயிருக்காங்கண்ணே” என்றேன். திரும்பி வந்ததும் போனை வாங்கி, “நான் சொன்னதே தப்புன்னு எழுதியிருக்காய்ங்க, அப்ப நீங்க விழுந்ததும் இல்லைன்னு ஆயிரும். விழுந்ததே இல்லைன்னா அங்கயும் சரி இங்கயும் சரி எந்த ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரைக் கேக்கிறது? நான் போட மாட்டேன்” என்றார்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

ஏஜென்ட் போனபிறகு நான் அக்காவோடு சண்டை போட்டேன். எனக்கு என்ன உரிமை என்று யோசிக்கவில்லை. “வலியில கெடக்கிறது அவருதான்க்கா. ரெண்டு வரிக்காக அவரை அங்கயே போட்டு வைப்பீகளா? வரட்டும், வந்ததும் பாத்துக்கலாம்ல?” என்றேன்.

“ரெண்டு வரியா?” என்றார். கோபப்படவில்லை. “நான் பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கணும். அவரா வேலையை விட்டுப் போனாருன்னு நானே எழுதிக் குடுக்கணும். செஞ்சவன் பேரு எங்கயும் இருக்காது. எம் பேரும் அவரு பேரும் மட்டும் இருக்கும். அவருக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா தங்கச்சி? இருபது வருசமா ஒரே பாயில படுத்திருக்கேன்.”

கணவர் மூன்று வாரம் அக்காவோடு பேசவில்லை. மகளோடு மட்டும் பேசினார். அந்த மூன்று வாரமும் அக்கா திங்கட்கிழமை தவறாமல் வந்தார். நான் அடித்தேன், அவர் விரல் வைத்துப் படித்தார். எங்களுக்குள் அதிகப் பேச்சு இல்லை. அவர் செய்வது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் சாதிச் சான்றிதழுக்காக வந்த சாணார்பட்டிக்காரர் ஒருவர், அக்கா வெளியே போனதும், “புருசன் செத்தாலும் பரவால்ல, கேசுல ஜெயிக்கணும் இதுக்கு” என்று சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவர் விழுந்து ஐந்தாவது மாதம் தீர்ப்பு வந்தது. ஓடிப்போனதாகக் கொடுத்த ரிப்போர்ட் பொய். அதை நீக்க வேண்டும். அட்டையைப் புதுப்பிக்காததற்கான அபராதத்தைத் தொழிலாளியிடமிருந்து அல்ல, கம்பெனியிடமிருந்து வாங்க வேண்டும். வைத்தியமும் டிக்கெட்டும் கம்பெனி பொறுப்பு. அவர் தங்கியிருந்த தொழிலாளர் முகாமில் யாருடைய அட்டையையுமே கம்பெனி புதுப்பிக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்ததால், எல்லாருடைய அட்டையையும் காப்பீட்டையும் உடனே புதுப்பிக்க வேண்டும். அதிகாரி போனில் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல, அக்கா அந்தக் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

கம்பெனி டிக்கெட் அனுப்பியது. கூடவே ஒரு கடிதம். ‘மனிதாபிமான அடிப்படையில்’ இந்த டிக்கெட்டைத் தருவதாக அதில் எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்துச் சொல்லிவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தேன். பெரிதாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, கடிதத்தை என் மேசையிலேயே விட்டுவிட்டு, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக எந்த நேரத்தில் பஸ் என்று கேட்டார்.

கணவர் சக்கர நாற்காலியில் வந்து இறங்கினார். ஆபரேஷன் அங்கேயே செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு அனுப்பினால் போதும் என்று அவர்தான் சொல்லிவிட்டாராம். மதுரையில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினார்கள். எலும்பு கோணலாக ஒட்டி, கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. அடிபட்ட பதினைந்து நாளுக்குள் செய்திருந்தால் நேராக வந்திருக்கும், இனி உடைத்துச் செய்தாலும் முழுக்கச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மதுரையிலிருந்து திரும்புகிற வழியில், கணவரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு அக்கா என் கடைக்கு வந்தார். மனு எழுத இல்லை. சும்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இம்புட்டு நாளா யாரு யாருன்னு ஊரெல்லாம் கேட்டேன். அந்தக் காலுக்கு யாருன்னு கேட்டா எம் பேரைத்தான் சொல்லணும் தங்கச்சி. அன்னைக்குப் போட்டிருந்தா ரெண்டாவது மாசமே வந்திருப்பாரு.”

“ரெண்டாவது மாசமும் தாமதந்தான்க்கா. பதினஞ்சு நாள்னு டாக்டர் சொன்னாருல்ல. அந்தப் பதினஞ்சு நாள்ல நீங்க என் கடைக்கே வரல. காப்பீட்டைச் சாக விட்டது யாரு? நீங்களா?”

தலையை ஆட்டினார். கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவே இல்லை.

என் கோபம் அன்றைக்குப் போலவே இன்றைக்கும் இருக்கிறது. ஒரு வருடம் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒரு கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாது. எவ்வளவாக இருந்தாலும், பொய் எழுதியவன் இரவில் நன்றாகத் தூங்குகிறான். ஏஜென்ட் அதே மாடியில் அதே நாற்காலியில் உட்கார்ந்து புது ஆட்களுக்குப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுக்கிறார். அவர்களில் ஒருவரும் ‘நான் செய்தேன்’ என்று எங்கேயும் சொல்லவில்லை. சொன்னது, ஒரு பாவமும் செய்யாத இந்த அக்காதான். நான் இப்போது மனுவில் ‘படவில்லை’ அடிப்பதில்லை. வந்தவர்கள் வழக்கப்படி போடச் சொன்னால்கூட, யார் செய்யவில்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த அண்ணன், அக்காவின் கணவர், ஒரு ஊன்றுகோலோடு கடைக்கு வந்தார். நத்தம் போகிற வழியில் ஒரு மாந்தோப்புக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார்.

“எனக்கு அவ மேல கோவந்தான் இருந்துச்சு தங்கச்சி. படுத்துக் கெடந்தப்ப கம்பெனி மேல வந்ததவிட அவ மேல வந்ததுதான் ஜாஸ்தி. கம்பெனிக்காரன் மூஞ்சியவே நான் பாத்ததில்லை, அவன் மேல எப்பிடிக் கோவப்படுறது?” என்றவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “இதைப் பாருங்க.”

ஒரு வீடியோ. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். பச்சை அங்கி போட்ட ஒருவர் சுவரைப் பிடிக்காமல் மெதுவாக நடந்து வருகிறார். கேமராவுக்குப் பக்கத்தில் வந்ததும் சிரிக்கிறார்.

“ஒடிசாக்காரரு. என் கட்டிலுக்கு மேல்தட்டுல படுத்திருந்தவரு, என்னையக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனவரு. நான் வந்து ரெண்டு மாசத்துல அவரும் விழுந்துட்டாரு. எனக்கு ஒடிஞ்ச அதே எடம். ஆனா கோர்ட்டு சொன்னதுல அம்புட்டுப் பேருக்கும் அட்டை போட்டிருந்தாய்ங்கல்ல, ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே ஆபரேஷன். காலு நேரா இருக்கு பாருங்க.”

அவர் அந்த வீடியோவை மறுபடி ஓட்டினார். அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை இல்லை அந்த முகத்தில்.

“இதை அவகிட்டக் காட்டலாம்னு எத்தனையோ தடவை எடுத்துட்டேன். கால்ங்கிற பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிர்றா. நீங்க சொன்னாக் கேப்பா. ஒருநா வாரீகளா?”

வீடியோவை என் போனுக்கு வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை சாணார்பட்டி பஸ் ஏறினேன். அக்கா தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, “வா தங்கச்சி, வெயில்ல வந்திருக்க, செத்த நேரம் நிழல்ல உக்காரு” என்றார். இளைத்திருந்தார். நான் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஒடிசாக்காரர் யார், எப்படி விழுந்தார், மறுநாளே எப்படி ஆபரேஷன் நடந்தது என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். போனை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். தாளைப் படிப்பது போலவே மெதுவாகப் பார்த்தார். முடிந்ததும் அவரே மறுபடி தொட்டு ஓடவிட்டார். நாலு தடவை பார்த்திருப்பார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது, அதையும் கவனிக்கவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

“இவருக்கு அட்டை எந்தத் தேதியில முடியுதாம்?”

எனக்குத் தெரியவில்லை.

“போன் போட்டுக் கேளு, இப்பவே. முடிஞ்ச பொறவு கேட்டு என்ன பிரயோசனம்?” என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து மடையை மாற்றிவிடப் போனார்.